போனில் ஏழு நாளும் 60% மழை: மண்டபத்தில் நெத்திலி விரிப்பதா, வேண்டாமா?

மண்டபம் களம்:
ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில், வடகடல் பக்கம் எங்களுக்குச் சின்னக் கருவாட்டுக் களம் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் இந்த ஐப்பசியிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போனில் ஏழு நாளுக்கும் 60%, 70% என்று மழை காட்டுகிறது. டிவியில் ‘ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மிதமான மழை’ என்கிறார்கள். நேற்று நாள் முழுக்கச் சுள்ளென்று வெயில். பக்கத்துக் களத்தில் விரித்துக் காயவைத்து அள்ளியும் விட்டார்கள். மழைக்குப் பயந்து விரிக்காமல் விட்ட எங்கள் கூடை கோழித் தீவனத்துக்குப் போனது. பெரியவர்கள் மேகத்தைப் பார்த்தே சொல்கிறார்களே, எந்த மேகத்தை எப்போது பார்க்க வேண்டும்?

கீழக்கரை பந்தல் பாய்:
தம்பி, ஐப்பசி கார்த்திகையில் யார் கல்யாணம் வைத்தாலும் நான் தகரப் பந்தல்தான் போடுவேன், போனைப் பார்ப்பதே இல்லை. கருவாட்டுக்கு அது முடியாதே. தங்கச்சிமடம் அக்கா வந்து சொல்லட்டும்.

தங்கச்சிமடம் அக்கா:
தம்பி, இதில் இரண்டு முடிவு இருக்கிறது. மீன் ஏலத்தில் எத்தனை கூடை எடுப்பது என்பது ஒன்று, எடுத்ததை இன்றைக்கு விரிப்பதா என்பது இன்னொன்று. முதலாவதற்கு வானிலை அறிக்கை, இரண்டாவதற்கு மேகம். இரண்டையும் போனிடமே கேட்பதால்தான் குழப்பம்.

60% என்றால் நாளில் பாதிக்கு மேல் மழை என்று அர்த்தமில்லை, எவ்வளவு பெய்யும் என்பதும் அதில் கிடையாது. உங்கள் இடத்தில் மழை விழ எவ்வளவு வாய்ப்பு என்பது மட்டும்தான். அதையும் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டமாகப் போட்டுக் கணக்கிடுகிறார்கள். மண்டபத்தில் அந்தக் கட்டத்தில் பாதி கடலாகத்தான் இருக்கும்.

டிவிக்காரர் சொல்லும் வார்த்தைகளைக் கவனியுங்கள், அவற்றுக்கு அளவு உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழைமானி வைத்திருக்கும் இடங்களில் கால்வாசி வரை. ‘சில இடங்களில்’ என்றால் பாதி வரை, ‘பல இடங்களில்’ என்றால் முக்கால் வரை. ஓரிரு, சில என்று இருக்கும்வரை நான் மீன் எடுப்பேன். ‘பல’ என்று வந்துவிட்டால் ஏலத்துக்குப் போனாலும் வேடிக்கைதான். அப்புறம், ‘மிதமான மழை’ என்ற பேரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வானிலை ஆய்வு மையத்துக்கு 15.6 மி.மீ.யிலிருந்து 64.4 மி.மீ. வரை மிதம். நம் நெத்திலிக்கு இரண்டு மி.மீ. போதும், நிறம் செத்துவிடும்.

மாவட்டத்துக்கு ஒரே அறிக்கை, ஆனால் தொண்டியும் சாயல்குடியும் ஒரே வானத்தின் கீழ் இல்லை. 2024 நவம்பர் 20 நினைவிருக்கும். ராமேஸ்வரத்தில் 41 செ.மீ., அதே தீவில் பாம்பனில் 28. பாம்பனில் மூன்று மணி நேரத்துக்குள் மட்டும் 19 செ.மீ. கொட்டியது. அப்படி ஒரு மழை எந்தத் தெருவில் இறங்கும் என்று ஏழு நாள் முன்னால் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வார அறிக்கையில் முதல் மூன்று நாளைத்தான் கணக்கில் எடுப்பேன். மீதி நாளில் நான் தேடுவது ஒன்றுதான்: வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறதா? வியாழக்கிழமை தோறும் வானிலைத் துறையின் அடுத்த வாரங்களுக்கான முன்னோட்டம் வரும், அதில் பாருங்கள். தாழ்வு வந்தால் மறுநாளே போய்விடும் என்றும் நம்பக் கூடாது. 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுக்குறைந்து நம் மாவட்டத்தை ஒட்டி, மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது.

சரி, மேகம். காலையில் அடிப்பக்கம் தட்டையாக, பஞ்சுப் பொதி மாதிரி சின்னச் சின்னதாக மிதந்தால் விரியுங்கள். அதே மேகம் பத்து மணிக்குள் அகலத்தைவிட உயரமாக வளர்ந்து, தலை பூத்துக்கொண்டு வந்தால் பாதியை மட்டும் விரியுங்கள். இந்தப் பருவத்தில் மழை கடலிலிருந்து வரும், வடகிழக்கைப் பாருங்கள். அங்கே அடிவானம் கறுத்து, மேகத்துக்கும் கடலுக்கும் நடுவே திரை தொங்கினால் அங்கே பெய்துகொண்டிருக்கிறது. வெயிலுக்கு நடுவே சட்டென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் அது அந்த மழைக்குள்ளிருந்து இறங்கிய காற்று. அதற்குப் பிறகு யோசிக்கக் கூடாது, அள்ளிவிட வேண்டும். இந்தப் பருவத்தில் கடற்கரையில் பின்னிரவிலும் விடியலிலும்தான் மழை அதிகம், ராத்திரி களத்தில் ஒன்றையும் விடாதீர்கள்.

எனக்கு மழையைவிடப் பயம், வானம் முழுக்கச் சாம்பல் பாய் விரித்த மாதிரி மூடிக்கொள்ளும் மூட்டம்தான். ஒரு சொட்டும் விழாது, வெயிலும் வராது, காற்றில் ஈரம். நெத்திலி சாயங்காலம் வரை காயாமல் கிடந்து ஈ மொய்க்கும், மறுநாள் புழு. போன் அதற்கு மழை இல்லை என்று நல்ல பேர் கொடுத்துவிடும்!

பாம்பன் வல்லம்:
அக்கா நிலாக் கோட்டையை, அதாவது நிலாவைச் சுற்றி விழும் வட்டத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ‘எட்டக் கோட்டை கட்டினால் கிட்ட மழை, கிட்டக் கோட்டை கட்டினால் எட்ட மழை’ என்பார்கள். நிலாவைவிட்டு விலகிப் பெரிய வட்டம் விழுந்தால் மேலே உயரத்தில் பனித்துகள் மேகம் மெல்லிசாகப் பரவியிருக்கிறது. புயலோ தாழ்வோ வருவதற்கு முன்னால் அது வரும். நிலாவை ஒட்டின சின்ன வட்டம் கீழே இருக்கும் நீர்த்துளி மேகத்தால் வருவது. கடலுக்குப் போகும் முன் நான் அதைப் பார்ப்பேன். அதோடு பாம்பன் துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதையும்.

தங்கச்சிமடம் அக்கா:
நம்பலாம், ஆனால் தை மாசத்தில் நம்பாதீர்கள் அண்ணே. அப்போது கோட்டை கட்டினாலும் வாடைக் காற்று காய வைத்துவிட்டுப் போகும். கோடையிலும் வேறு கணக்கு. சித்திரை, வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் மேற்கே நிலத்தின் மேல் ஓங்கி வளர்ந்து, உச்சி தட்டையாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும் மேகம்தான் இடியோடு வரும். அப்போது கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் முதுகில் நனைவீர்கள்.

மண்டபம் களம்:
ரொம்ப நன்றி அக்கா. இன்றைக்கு ‘சில இடங்களில்’ என்று போட்டிருக்கிறார்கள். வடகிழக்கே திரை எதுவும் இல்லை, ஆனால் மேகம் வளர்கிறது. மூன்று கூடை எடுத்திருக்கிறேன். மூன்றையும் விரிக்கவா?

தங்கச்சிமடம் அக்கா:
ஒன்றரை. மீதிக்கு ஐஸ் போடுங்கள், பதினோரு மணிக்கு மறுபடி பார்க்கலாம். அம்மாவைத் திண்ணையில் வடக்கே பார்த்து உட்காரச் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.