ஜெர்மனில காசல், பெர்லின்ல படிச்சுட்டு வந்த தோழர்களே, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

ஒரகடம் ஃபிட்டர்:
குளோபல் லேபர் யுனிவர்சிட்டி எம்.ஏ., அதாவது பல நாட்டுத் தொழிற்சங்கக்காரங்க சேர்ந்து படிக்கிற படிப்பு, பத்தி இங்க ரொம்ப விளக்கத் தேவையில்ல. முதல் பாதி காசல், அடுத்த பாதி பெர்லின். நான் சொல்றது ஹாஸ்டல் கிச்சன்ல நடந்தது. வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன். பிரேசில் தோழர், உலோகத் தொழிலாளி, கறுப்பு பீன்ஸைக் கிண்டிக்கிட்டே, உங்க பிளான்ட்ல எத்தனை பேர்னு கேட்டார். 900. சங்கத்துல? 240. மீதி? காண்ட்ராக்ட்னு சொன்னேன். கரண்டியை வச்சுட்டுத் திரும்பி, "அவங்களுக்கு யாரு?"ன்னார். அன்னைக்குக் காலைலதான் கிளாஸ்ல எழுந்து, சங்கம் வைக்கிற உரிமை, கூட்டுப் பேர உரிமை பத்தின ஐ.எல்.ஓ. (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) உடன்படிக்கை 87, 98 ரெண்டையும் இந்தியா இன்னும் ஏத்துக்கலைன்னு ஆவேசமா பேசியிருந்தேன். எங்க சங்கத்து பைலா (விதிமுறை) படி காண்ட்ராக்ட் ஆளுக்குச் சந்தா ரசீதே போட முடியாது. அதைச் சொல்லல. வெங்காயம் கண்ணைக் கரிக்குதுன்னு வெளிய போயிட்டேன்.

கட்டுநாயக்க தையல்:
அண்ணா, கையெழுத்துப் போட்டா எல்லாம் சரிவரும் எண்டு நினைக்காதேங்கோ. எங்கட இலங்கை 98ஐ 1972லயும் 87ஐ 1995லயும் ஏற்றது. நாங்கள் இப்பவும் ஏற்றுமதி ஆலையள் இருக்கிற வலயத்துக்கு வெளிய, வேலை செய்யிற பிள்ளையள் போர்டிங்குக்குப் போற வழியில நிண்டுதான் சங்கத் துண்டுப்பிரசுரம் குடுக்கிறம்.
என்ர சம்பவம்: சப்ளை செயின் வகுப்பில ஒரு டீசேர்ட்டை மேசையில போட்டு, விலையில ஆருக்கு எவ்வளவு எண்டு பிரிச்சுக் காட்டினவை. நான் கொலரைத் தொட்டுப் பாத்தன். ஒரு இடத்தில தையல் விட்டிருந்தது. "இது ரிஜெக்ட்" எண்டு வாயில வந்திட்டுது. எல்லாரும் சிரிச்சினம், நானும்தான். இரவு நித்திரை வரேல்ல. சங்கத்து ஆளாப் போன என்ர வாயால கதைச்சது எங்கட சுப்பர்வைசர்.

சங்கம் வளர்த்த மதுரை:
என் கதை சின்னது. திரும்பி வந்ததும் தலைவர், "தம்பி, இந்த இங்கிலீஷ் லெட்டரைக் கொஞ்சம் பாரு"ன்னார். மூணு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்.
போகப்போறவங்களுக்குச் சொல்றேன். சங்கத்துல சிபாரிசுக் கடிதம் வாங்கும்போதே, வந்தா என்ன பொறுப்புன்னு கேட்டு வச்சுக்கங்க. வகுப்பு அக்டோபர்ல தொடங்கும். குளிர் கோட்டை இங்க வாங்காதீங்க, அங்க பழைய துணிக்கடைல பாதி விலைக்குக் கெடைக்கும். புளி கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க. ஜெர்மனிதான்னு இல்ல, ஜோஹானஸ்பர்க்ல விட்ஸ், பிரேசில்ல காம்பினாஸ் ரெண்டு பல்கலைக்கழகமும் இந்த குளோபல் லேபர் யுனிவர்சிட்டி கூட்டமைப்புல உண்டு. ஜெர்மன் ஆலைக்குள்ள தொழிலாளிங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற தொழிலாளர் கவுன்சிலுக்குத் தனி ரூம், கம்ப்யூட்டர் எல்லாம் பாத்து மயங்கிடாதீங்க. ஜெர்மன் சட்டப்படி அந்த கவுன்சில் ஸ்ட்ரைக் அறிவிக்க முடியாது, அது சங்கத்தோட வேலை. ஊர்ல வந்து ரெண்டையும் குழப்பிப் பேசி நானே அசிங்கப்பட்டேன். ஃபிட்டர் தம்பி, பைலாவைத் திருத்தலாமே? பொதுக்குழுவுக்கு நோட்டீஸ் கொடுத்து, தீர்மானம் போட்டு, ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்பினா

ஒரகடம் ஃபிட்டர்:
அண்ணே, புளியோட நிறுத்தியிருக்கலாம். தீர்மானம் போன வருஷமே கொண்டு வந்தாச்சு. 240 பேர்ல கை தூக்கினது 31.

கட்டுநாயக்க தையல்:
அந்த 31 பேரும் எந்த ஷிப்ட் அண்ணா?