காளைத் தலைக்குக் காகிதமும் பசையும்

குழு: வளவு வீட்டார்

நான்: அத்தை, பள்ளி ஆண்டு விழாவில் என் மகன் காளை வேடம் போடுகிறான். தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடும்படி காகிதத்தில் ஒரு காளைத் தலை வேண்டுமாம். அப்பத்தா கூடை செய்வதுபோல் காகிதத்தை ஊறவைத்து ஆட்டிக் கூழாகவே அப்பிவிடலாமா?

அத்தை: முழுவதையும் கூழால் செய்ய வேண்டாம் அம்மா. கூழ் காய நெடுநாள் பிடிக்கும், கனமும் கூடும். கூடை தரையில் இருப்பது. இதையோ பிள்ளையின் கழுத்து தாங்க வேண்டும். செய்தித்தாளைக் கிழித்து, காய்ச்சிய மைதாப் பசையில் நனைத்து, அடுக்கடுக்காக ஒட்டினால் ஓடு மெல்லியதாகவும் உறுதியாகவும் வரும். கத்தரிக்கோலால் வெட்டாதே, கையால் கிழித்த ஓரம்தான் மெலிந்து, அடுத்த துண்டோடு மேடு தெரியாமல் படியும். தாள் ஒரு திசையில்தான் நேராகக் கிழியும் என்பதால், முதலில் ஒரு துண்டைக் கிழித்துப் பார்த்துக்கொள்.

அப்பத்தா: அப்படியானால் கூழே வேண்டாமா?

அத்தை: வேண்டும் ஆத்தா. புருவ மேட்டுக்கும் மூக்குத் துவார விளிம்புக்கும் உங்கள் கூழைவிட நல்லது கிடையாது.

அப்பத்தா: வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துச் சேருங்கள். அதன் வழவழப்பு கூழை இழுத்துப் பிடிக்கும். கசப்புக்குப் பூச்சியும் எளிதில் அண்டாது.

சித்தப்பா (தேவகோட்டை): அக்கா, புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காதபடி பசையில் மயில்துத்தம் என்கிற நீல உப்பைக் கலப்பார்களே, அதையும் ஒரு சிட்டிகை போடலாமா?

அத்தை: கூடவே கூடாது தம்பி. அது நஞ்சு. பிள்ளை வாயையும் மூக்கையும் இதற்குள் வைத்துக்கொண்டு, வியர்த்து மூச்சு விடப்போகிறான். அன்றன்றைக்கு வேண்டிய பசையை அன்றன்றே காய்ச்சி, ஒவ்வொரு முறை ஒட்டியதையும் நன்றாக உலரவிட்டால் பூஞ்சை பிடிக்க வழியில்லை.

நான்: பலூன் மேல் ஒட்டி, வளவு முற்றத்தில் வெயிலில் வைத்துவிடட்டுமா?

அத்தை: முதல் சுற்று உலரும் வரை வெயிலில் வைக்காதே. சூட்டில் பலூனுக்குள் இருக்கும் காற்று விரியும். பலூன் வெடித்தால் ஈர ஓடு அமுங்கிவிடும். வீட்டுக்குள் பட்டாலைக் கூடத்தில் மின்விசிறிக் காற்றில் வை. ஒரு தடவைக்கு மூன்று அடுக்குக்கு மேல் ஒட்டினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். ஓர் அடுக்குச் செய்தித்தாள், அடுத்த அடுக்குப் பழுப்புத்தாள் என்று மாற்றி ஒட்டினால் எந்த இடம் விடுபட்டது என்பது கண்ணுக்குத் தெரியும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளையின் தலைச் சுற்றளவையும், உச்சியிலிருந்து தோள் வரை உள்ள உயரத்தையும் அளந்துகொள். உள்ளே பஞ்சுத் திண்டு வைக்கவும் காற்று புகவும் சுற்றிலும் இரண்டு விரல் இடம் விட்டு, அதற்கேற்ற பலூனை ஊது.

சித்தப்பா (தேவகோட்டை): கொம்பை நான் செய்து தருகிறேன். தை 3-ஆம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டில் புலிக்குளம் இனக் காளைகளைப் பார்த்திருக்கிறோமே, அவற்றின் கொம்பு பின்னோக்கி எழும். அதே வளைவில் அட்டையைச் சுருட்டி, உள்ளே எதையும் அடைக்காமல் வெறுங்கூடாகச் செய்தால், தலை முன்பக்கம் சாயாது.

அத்தை: மிகச் சரி. கொம்பு நிற்கும் இடத்தில் மட்டும் ஓட்டுக்கு உள்பக்கம் இரண்டு அடுக்கு கூடுதலாக ஒட்டுங்கள். ஆட்டத்தில் முதலில் விரிசல் விடுவது அந்த அடிதான்.

நான்: கண்ணை எங்கே திறப்பது அத்தை?

அத்தை: காளையின் கண்ணில் திறக்காதே. அது பக்கவாட்டில் இருப்பதால் பிள்ளைக்கு மேடை தெரியாது. திறந்த வாய் அவன் கண்ணுக்கு நேரே வரும்படி அமைத்து, கறுப்பு வலைத்துணி ஒட்டு. காதுக்குப் பின்னால் காற்றுத் துளைகள் இடு. தாடைப் பட்டை கட்டி, அவனை ஆடவிட்டுப் பார்த்த பிறகே வெள்ளை பூசி வண்ணம் தீட்ட வேண்டும். வண்ணம் ஏறிய பிறகு வெட்டித் திருத்த மனம் வராது.

நான்: அவன் பள்ளியிலிருந்து வந்ததும் அளவெடுத்து இங்கேயே அனுப்புகிறேன். சித்தப்பா அதைப் பார்த்துக் கொம்பின் நீளத்தை முடிவு செய்யட்டும்.

அப்பத்தா: வெந்தயத்தை நான் ஊறப்போட்டுவிடுகிறேன். பழைய தாளை எல்லாம் எடைக்குப் போட்டுவிடாதே.