பயிற்சிக்குக் கம்பெனிக்குப் போன / அனுப்பிய அனுபவம்: இன்னும் மனசில் நிற்கும் ஒன்றைச் சொல்லுங்கள்

பாலிடெக்னிக் வாத்தியார், தருமபுரி

கல்லூரிக்குத் தர அங்கீகாரம் கொடுக்கிற என்பிஏ குழு வருவதற்கு முந்தின மாதங்களில், கம்பெனிகளோடு பயிற்சிக்கான எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) எப்படி மளமளவென்று கையெழுத்தாகும் என்று இங்கே இருக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களுடையது மூன்றரை வருஷ சாண்ட்விச் டிப்ளமோ. நாலாவது, ஏழாவது செமஸ்டர் பசங்க கம்பெனியில்தான். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்குப் போன பேட்சைப் பார்க்கப் போயிருந்தேன். எச்ஆர் அறையில் டீ கொடுத்து, "எல்லாம் நல்லா போகுது சார்" என்றார்கள். ஷாப் ஃப்ளோரைப் பார்க்கணும் என்றதும் தயங்கித்தான் கூட்டிப்போனார்கள்.

என் மாணவன் பேக்கிங் மேஜையில் நின்றான். ஒரு புஷ்ஷை (குழல் மாதிரி சின்ன உதிரிபாகம்) எடுக்கிறான், துரு பிடிக்காமல் இருக்க எண்ணெயில் முக்குகிறான், கவரில் போடுகிறான், பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுகிறான், பெட்டியில் அடுக்குகிறான். மறுபடி அடுத்த புஷ். பத்தடி தள்ளிக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், உதிரிபாகத்தைத் துல்லியமாக அளக்கிற சிஎம்எம் ஓடிக்கொண்டிருந்தது. நான் போர்டில் படம் போட்டு நடத்துகிற அதே மெஷின். அவனை ஒருநாள் கூட அதற்குள் விடவில்லை. நான் பக்கத்தில் போனதும் கையை நிறுத்தாமல், தலையை நிமிர்த்தாமல் கேட்டான்: "ரிப்போர்ட்ல என்ன சார் எழுதட்டும்?"

திரும்பி வந்து ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். எந்த மெஷின், எத்தனை வாரம், யார் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு வரி கூட இல்லை. உங்கள் பக்கம் எப்படி?

ஜாப் ஒர்க், கணபதி

சார் வருத்தம் புரியுதுங்க. ஆனா பழி முழுக்கக் கம்பெனி மேல வேண்டாம். நான் கோயமுத்தூர்ல மத்த கம்பெனிக்குப் பம்பு உதிரி செஞ்சு குடுக்கற ஜாப் ஒர்க் பண்றேன். கம்ப்யூட்டர்ல ஓடற மெஷினுங்க, விஎம்சி ரெண்டு, டர்னிங் சென்டர் மூணு. மாசம் பொறந்தா இஎம்ஐ. புதுப் பையன் ஆஃப்செட்ல (டூல் எங்க நிக்கணும்னு குடுக்கற அளவு) தசமப் புள்ளிய இடம் மாத்தி அடிச்சான்னா டூல் போய் பீஸைப் புடிச்சிருக்கற வைஸ்ல மோதும், ஸ்பிண்டிலே போயிடும். பெரிய கம்பெனிக்குத் தனியா ட்ரெய்னிங் சென்டர் இருக்கு. எனக்கு இருக்கறது ஓடற மெஷின் மட்டும்தான்.

அப்படியும் எடுத்தேனுங்க. ஒரு பையன், கடைசி வருஷ இன்ஜினியரிங். டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு முன்னபின்ன இருக்கலாம்ங்கறது பத்திக் கேட்டா கடகடன்னு சொல்றான். ஷாஃப்ட் ஒண்ணக் குடுத்து மைக்ரோமீட்டர்ல அளக்கச் சொன்னேன். திம்பிள்ங்கற சுத்தற உருளையைப் புடிச்சு இறுக்கி இறுக்கி முறுக்கறான். ஒவ்வொரு தடவையும் வேற அளவு வருது. எங்கிட்ட ஒரு பழைய ஆபரேட்டர் இருக்காரு, எட்டாவதோட நின்னவரு. மெஷின நிறுத்திட்டு வந்து, அவன் விரலப் புடிச்சு முனையில இருக்கற ராட்சட் திருகு மேல வச்சாரு. டிக், டிக், டிக். "மூணு சத்தம் போதும் தம்பி. இப்பப் படி." திரும்பத் திரும்ப அளந்தான், ஒரே அளவு வந்துச்சு. "நாலு வருஷத்துல ஒருத்தரும் இப்படிக் கைய வச்சுச் சொல்லலைங்கண்ணா"ன்னான். அந்தக் குரல் இன்னும் காதுல இருக்குது.

அன்னைக்கு ஆபரேட்டருக்குப் பீஸ் கணக்கு கொறஞ்சுது, நான்தான் சேத்துக் குடுத்தேன். அனுப்பிவச்ச காலேஜ் எங்கிட்டக் கேட்டது சர்டிபிகேட்ல சீல் மட்டும். இதே ஊர்ல பிஎஸ்ஜி டெக் 1951ல ஆரம்பிச்சது. காலேஜ் வளாகத்துலயே தொழிற்சாலை, மோட்டாரும் பம்பும் அங்கயே தயாராகுது. அங்கிருந்து வர்ற பையன் வெட்டி விழற இரும்புச் சிப்பைக் கையால தட்ட மாட்டான், பிரஷ் எங்கன்னு கேப்பான். அந்தப் பழக்கத்தைக் காலேஜே குடுத்து அனுப்புனா மிச்சத்தை நாங்க பாத்துக்குவோமுங்க.

எலக்ட்ரீஷியன் ட்ரேட்

அண்ணா இஎம்ஐ கணக்கு சொல்லிட்டீங்க. எங்க பக்கத்தையும் கேளுங்க. ஐடிஐ முடிச்சு ஒரகடம் பக்கம் அப்ரெண்டிஸா சேர்ந்தேன். கம்பெனி பேர் வேண்டாம். வேலை, அசெம்பிளி லைன்ல டார்க் கன் பிடிச்சு போல்ட் இறுக்கறது. எலக்ட்ரீஷியனுக்கும் ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் அங்க ஒரே வேலைதான்.

ஒரு செகண்ட் ஷிஃப்ட்ல கன்வேயர் நின்னுடுச்சு. மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருத்தர் ஓடி வந்தார். என் பேட்ஜைப் பார்த்து, "எலக்ட்ரீஷியனா? வா இங்க"ன்னு மல்டிமீட்டரைக் கையில கொடுத்துட்டார். சென்சாருக்கு 24 வோல்ட் வருது. இரும்பைக் காட்டினா சென்சார் தலையில விளக்கும் எரியுது. பேனலைத் திறந்தார். லைனைக் கட்டுப்படுத்தற பிஎல்சியோட இன்புட் விளக்கு எரியல. "அப்ப எங்க போச்சு?"ன்னு என்கிட்டயே கேட்டார். லைன்ல எல்லாரும் நின்னு எங்களைத்தான் பாக்கறாங்க. "கேபிள் நடுவுல அறுந்திருக்கணும்"னு சொன்னேன். கேபிள் சங்கிலிக்குள்ள மடங்குற இடத்துல அறுந்துதான் இருந்துச்சு. ரெண்டு வருஷம் ஐடிஐல படிச்சது மொத்தமும் அந்த நேரத்துல எனக்கு ஒண்ணா சேர்ந்துச்சு.

மறுநாள் அதே அண்ணன் என்னை மெயின்டனன்ஸுக்குக் கேட்டிருக்கார். லைன்ல ஆள் குறையும்னு சூப்பர்வைசர் விடல. அப்ரெண்டிஸ் முடியிற வரைக்கும் திரும்பவும் டார்க் கன்தான். அண்ணா, எனக்குச் சொல்லிக்கொடுத்ததால அந்தக் கம்பெனிக்கு எந்த நஷ்டமும் இல்ல, லைன்தான் சீக்கிரம் ஓடுச்சு.

ஓய்வுபெற்ற பயிற்சி அலுவலர்

எலக்ட்ரீஷியன் அம்மா சொல்வது நான் ஊர் ஊராகப் பார்த்த சங்கதி. ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளர்களின் லாக்புக்கைக் கேட்டு வாங்கினேன். பல மாதப் பதிவுகள், ஒரே மை, ஒரே கையெழுத்து, எல்லாப் பக்கத்திலும் "கற்றுக்கொண்டார்". எதைக் கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். அந்த அறையில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததே சில விஷயங்கள் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. தொழிற்பழகுநர் சட்டம் 1961ஆம் ஆண்டினது. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும், மொத்த ஆள் பலத்தில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை. கணபதி தம்பியைப் போன்ற சிறு பட்டறைகளுக்குக் கட்டாயமில்லை. நாலு பேர் இருந்தாலே விரும்பினால் எடுக்கலாம். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்குத் தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாகப் பதியுங்கள். 2019 விதித் திருத்தத்தில் டிப்ளமோவுக்கு மாதம் 8,000 ரூபாய், பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று குறைந்தபட்ச உதவித்தொகை வைத்தார்கள்; அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. ஐடிஐ பிள்ளைகளுக்கு வேறு திட்டம், அதில் அரசின் பங்கு கால் பாகம், மாதம் 1,500 ரூபாய் வரை. இந்தப் பணம் இருப்பதே தெரியாத முதலாளிகள் ஏராளம். தெரிந்தால் ஆபரேட்டருக்குச் சேர்த்துக் கொடுப்பது இத்தனை பாரமாக இருக்காது.

தருமபுரி சாருக்கு: ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை விட்டுவிடுங்கள், அதில் எல்லாரும் ஒரே வாசகத்தைத்தான் போடுவார்கள். பின்னால் ஓர் இணைப்புத் தாள் வையுங்கள். அதை நீங்கள் எழுதாவிட்டால் ஒருவரும் எழுத மாட்டார்கள். சொல்லிக்கொடுப்பவர் பெயர் அதில் இருக்க வேண்டும். பதவியைப் போட்டு விட்டுவிடக் கூடாது. மனிதவளத் துறை மேலாளர் மாறிக்கொண்டே இருப்பார், ஷாப் ஃப்ளோர் மனிதர் இருபது வருஷம் அங்கேயே நிற்பார். விடுமுறையில் உங்கள் ஆசிரியர்களையே அங்கே கொஞ்ச காலம் உட்கார வையுங்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0, அதாவது கணினிமயத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றினார்கள். ரோபோவும் கணினியால் இயங்கும் நவீன சிஎன்சி இயந்திரமும் வந்தன. வாங்கிய இயந்திரத்துக்கு வயதாகிக்கொண்டே போகும். ஆசிரியர் வருஷா வருஷம் தொழிற்சாலைக்குள் போய் வந்தால்தான் பாடம் புதிதாக இருக்கும். இன்னொன்று, பாடத்திட்டக் குழுவில் கம்பெனி ஆட்களைச் சேர்க்கும்போது துணைத் தலைவர் அந்தஸ்தில் ஒருவரைக் கூப்பிட்டுச் சால்வை போடாதீர்கள். மெயின்டனன்ஸ் ஃபோர்மேனைக் கூப்பிடுங்கள்.

பி.காம் டீச்சர், மன்னார்குடி

ஐயா சொல்வது எல்லாமே தொழிற்சாலை இருக்கும் ஊருக்கு. எங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள்? 2022இல் வந்த நான் முதல்வன் திட்டத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ்கள் கிடைத்தன, நல்லதுதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் தொழிலை ஒருவரும் தொழிலாகவே எண்ணுவதில்லை. நான் கேட்டது ஒரு நவீன அரிசி ஆலையை. முதலாளி "பொம்பளப் பிள்ளைங்களுக்கு இங்க என்ன வேலைம்மா?" என்றார். கணக்கு அறையில் விடுங்கள் என்று கேட்டு விட்டேன்.

பாலக்காட்டுக்கு லோடு ஏறி நிற்கிறது. டிரைவர் வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். என் மாணவி பில் போட உட்கார்ந்தாள். அரிசிக்கான ஜிஎஸ்டி குறியீடு, எச்எஸ்என் 1006 அடித்தாள். வரி? வகுப்பில் 5 சதவீதம் என்று படித்தவள் மொத்தத்துக்கும் அதைப் போடப் போனாள். கணக்குப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தி, "போய் சாக்கைப் பாத்துட்டு வா" என்றார். ஓடிப்போய் மேலே கிடந்த சாக்கைப் புரட்டி அச்சைப் படித்தாள். 26 கிலோ. பக்கத்து அடுக்கு 25 கிலோ. 2022 ஜூலை 18 முதல் பெயர் அச்சிட்டுப் பையில் கட்டிய அரிசிக்கு 25 கிலோ வரைதான் வரி. அதற்கு மேல் ஒரு கிலோ கூடினால் வரி இல்லை. ஒரே நெல், ஒரே ஆலை, இரண்டு பில். தவிடு ஒட்டிய கையோடு திரும்பி வந்து இரண்டையும் அவளே போட்டாள்.

அந்த ஆலையோடு எங்களுக்கு எம்ஓயு எதுவும் கிடையாது. முதலாளி கையெழுத்துப் போடப் பயப்படுகிறார். அதனால் கோப்பில் இது ஒரு வரியாகக் கூட ஏறாது. எனக்குப் பொறுக்காதது இதுதான்.

கிளிநொச்சியிலிருந்து

நான் மோட்டார் மெக்கானிக். இஞ்ச அறிவியல் நகரில ஜேர்மன்காரற்ற உதவியோட 2016இல திறந்த பயிற்சி நிறுவனம் எனக்குப் பக்கம். அங்க படிச்ச சிநேகிதப் பெடியள் வேலைத்தளப் பயிற்சியப் பற்றிச் சொல்லக் கேட்டுத்தான் நானும் கொழும்பில ஒரு கராஜுக்குப் போனனான். முதல் கிழமை ஒரு ஹைபிரிட் வாகனம் வந்தது. ஆளைக் கொல்லுற கரண்ட் போற செம்மஞ்சள் வயரைக் கண்டவுடன கையை நீட்டிட்டன். பாஸ் என்ர கையைத் தட்டிவிட்டார். பற்றறிக் கரண்டைத் துண்டிக்கிற சேர்விஸ் பிளக்கைக் கழட்டித் தன்ர பொக்கற்றுக்குள்ள போட்டார். பிறகு பத்து நிமிசம் ஒண்டும் செய்யாமல் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டவர், கப்பாசிற்றரில தங்கி நிக்கிற கரண்ட் இறங்கவேணும் எண்டு. பிளக் ஏன் பொக்கற்றுக்க எண்டு கேட்டன். "மேசையில வச்சா வேற ஆரும் எடுத்துக் கொழுவிடுவாங்கள், நீ உள்ளுக்க கை வச்சிருப்பாய்." நான் இப்ப சொந்தமாக் கராஜ் வச்சிருக்கிறன். என்னட்டப் பழக வாற பெடியளுக்கும் முதல் பாடம் அந்தப் பொக்கற்தான். ஐயா சொன்ன மாதிரி ஆள் ஆரெண்டு தெரியவேணும், அது சரி.

எலக்ட்ரீஷியன் ட்ரேட்

ஐயா, பேர் எழுதினா மட்டும் போதாது. அந்த ஆளை அந்த நேரத்துக்கு லைன்ல இருந்து விடுவிக்கணும், அதையும் தாள்ல எழுதச் சொல்லுங்க. என்னைக் கேட்ட அண்ணனுக்கு மனசு இருந்துச்சு, நேரமும் அதிகாரமும் இல்ல.

பாலிடெக்னிக் வாத்தியார், தருமபுரி

மன்னார்குடி டீச்சர், முதலாளி ஒரு கடிதம் கொடுத்தால் போதும், பயிற்சிப் பதிவில் சேர்க்க முடியுமா என்று எங்கள் முதல்வரிடம் கேட்டுச் சொல்கிறேன். இணைப்புத் தாள் மாதிரி யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். அடுத்த பேட்ச் கிளம்புவதற்கு முன்னால் எனக்கு வேண்டும்.

ஜாப் ஒர்க், கணபதி

எங்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க சார், ஒரே பக்கம்தான். மொத வாரம் அளவுக் கருவி மட்டும், மெஷின் தொடக் கூடாது. அடுத்த ரெண்டு வாரம் மெஷின்ல பீஸ் மாட்டற லோடிங், பிசிர் எடுக்கற டீபர்ரிங், ட்ராயிங் படிக்கறது. நாலாவது வாரம் ஆபரேட்டர் பக்கத்துல நின்னு ஆஃப்செட் போடணும், ஸ்டார்ட் பட்டன அவருதான் அழுத்துவாரு. அதுக்கப்பறம்தான் தனியா ஒரு பீஸ். வெள்ளிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் ஆபரேட்டருக்கு மெஷின் கெடையாது, பையனுக்குத்தான். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவருக்குக் கூலி யார் குடுக்கறதுன்னு ஒரு கோடு காலியா விட்டிருக்கேன். அத மட்டும் உங்க காலேஜ்ல பேசி நிரப்பிக் குடுங்க.