பிரிட்டிஷ் பேரரசை முடித்துவைத்தது டாலரா, மக்களா? சூயஸ் 1956

கணக்கப்பிள்ளை:
என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் பேரரசின் உயிர் பிரிந்த நாள் 1956 நவம்பர் 6. பறித்தது அமெரிக்க நிதித்துறை.

அந்த ஆண்டு ஜூலை 26 அன்று அலெக்சாண்டிரியாவில் எகிப்து அதிபர் நாசர் பேசினார். சூயஸ் கால்வாயை வெட்டிய லெசெப்ஸின் பெயர்தான் சங்கேதம். வானொலியில் அந்தப் பெயர் காதில் விழுந்ததும், தயாராக இருந்த ஆட்கள் கால்வாய் நிறுவனத்தின் அலுவலகங்களுக்குள் நுழைந்துவிட வேண்டும். யார் காதிலும் விழாமல் போய்விடக் கூடாது என்று பத்து முறைக்கு மேல் அந்தப் பெயரைச் சொன்னார் மனிதர்! பேச்சு முடிவதற்குள் கால்வாய் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் பங்குதாரர்களிடமிருந்து எகிப்து அரசுக்குக் கைமாறிவிட்டது.

அக்டோபரில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் பாரிஸுக்கு அருகே செவ்ரில் ரகசியமாகக் கூடிப் பேசிவைத்துக்கொண்டன. இஸ்ரேல் எகிப்தைத் தாக்கும். மற்ற இருவரும் சண்டையை விலக்கிவிட வருகிறோம் என்ற சாக்கில் கால்வாயைப் பிடிப்பார்கள். 29ஆம் தேதி இஸ்ரேல் தாக்கியது. நவம்பர் 5, 6 தேதிகளில் மற்ற இருவரின் படைகள் போர்ட் சையதில் இறங்கின. களத்தில் அவர்களுக்குத் தோல்வியே இல்லை. ஆனாலும் 6ஆம் தேதி நள்ளிரவோடு சண்டையை நிறுத்தினார்கள். பவுண்டை விற்றுவிட்டு எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நவம்பர் மாதத்தில் மட்டும் பிரிட்டனின் கையிருப்பிலிருந்து 27.9 கோடி டாலர் கரைந்தது. படையைத் திரும்பப் பெறாமல் பன்னாட்டு நிதியத்தில் சல்லிக்காசு எடுக்க விடமாட்டோம் என்றது வாஷிங்டன். டிசம்பர் தொடக்கத்தில் வெளியேற ஒப்புக்கொண்டார்கள். அடுத்த சில நாட்களில் 130 கோடி டாலருக்கு வழி பிறந்தது. ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவி விலகினார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கரிசல் மண்:
ஐயா, இவ்வளவு நீளமாக எழுதியும் நாசரைத் தவிர ஓர் எகிப்தியர்கூட உங்கள் கதையில் இல்லையே. கால்வாயில் கப்பல்களை மூழ்கடித்துப் பாதையையே அடைத்தார்களே, அவர்கள் யார்? அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை அது முழுமையாகத் திறக்கவில்லை. எந்த வழியைக் காப்பாற்றப் படை வந்ததோ, அந்த வழி படை வந்ததாலேயே மூடிக்கொண்டது. ஐரோப்பாவில் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது, பவுண்டின் மீது நம்பிக்கை சரிந்தது. நீங்கள் சொல்லும் டாலர் நெருக்கடிக்குள்ளேயே எகிப்தியரின் கை இருக்கிறது.

இன்னொன்று. பேரரசின் முதுகெலும்பு அதன் படை. 1882இல் எகிப்தைப் பிடித்த படையில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். 1915 பிப்ரவரியில் உதுமானியர் சூயஸைத் தாக்கியபோது கால்வாய்க் கரையில் காவல் நின்றவர்களில் பெரும்பகுதியினர் இந்தியர்கள். அந்தப் படைக்கு இந்தியர் கட்டிய வரியிலிருந்தே தீனி போட்டார்கள். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது, 1946இல் பம்பாயில் கடற்படையினர் கலகம் செய்தார்கள், 1947இல் அந்தப் படையே கைவிட்டுப் போனது. 1956இல் அதே கால்வாய்ப் பக்கம் இந்திய வீரர்கள் மறுபடியும் போனார்கள், ஐநா அமைதிப் படையாக. உங்கள் பேரரசு 1947லேயே முடிந்துவிட்டது. சூயஸ் வெறும் கருமாதி.

மூன்றாம் பந்தி:
இருவரும் ரஷ்யாவை மறந்துவிட்டீர்கள். நவம்பர் 5 அன்று சோவியத் பிரதமர் புல்கானின் ராக்கெட் மிரட்டல் விடுத்துக் கடிதம் எழுதினாரே?

கணக்கப்பிள்ளை:
எழுதினார். அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய டாங்கிகள் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டுக்குள் புகுந்திருந்தன. ஊரார் கவனத்தைத் திருப்ப அவருக்கும் ஒன்று வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்துக்காகப் படை நின்றது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

கரிசல் மண்ணுக்கு: 1947இல் முடிந்த பேரரசு 1948 முதல் 1960 வரை மலாயாவில் எதற்காகப் போரிட்டது? ரப்பரும் தகரமும் அமெரிக்காவுக்குப் போய் டாலராகத் திரும்பின. பவுண்டை ஒட்டிப் பணம் புழங்கிய நாடுகளின் கூட்டமான ஸ்டெர்லிங் வட்டாரத்திலேயே அதிக டாலர் ஈட்டித் தந்த காலனி மலாயாதான். விடிவதற்கு முன்னே எழுந்து மரத்தில் பால் வெட்டிய நம் தோட்டத் தொழிலாளர்கள்தான் பவுண்டைத் தாங்கிப் பிடித்தார்கள். அதைத்தான் லண்டன் காத்தது. கென்யாவில் 1952இலிருந்து நெருக்கடி நிலை, ஈரானில் 1953இல் பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்த்தார்கள். செத்த பாம்பு இவ்வளவு கொத்தாது.

கரிசல் மண்:
நீங்களே எனக்கு வாதம் எடுத்துத் தருகிறீர்கள். ஈரானில் தனியாகக் கவிழ்க்க முடிந்ததா? அமெரிக்க உளவுத்துறையைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. கென்யாவில் பெரும் எண்ணிக்கையில் கிக்குயு மக்களை முகாம்களில் அடைத்து, காடுகளில் குண்டு போட்டு, அப்படியும் 1963இல் விட்டுப் போனார்கள். இப்படி ஒரு காலனியை அடக்கி வைக்க ஆகும் செலவை யார் ஏற்றினார்கள்? வட்டிக்கடைக்காரரா?

பிரான்ஸையும் பாருங்கள். இது எனக்கு மிகவும் பிடித்த விவரம். சூயஸுக்குச் சில நாட்கள் முன்பே, அக்டோபரில், பன்னாட்டு நிதியத்தில் 26 கோடி டாலருக்கு மேல் பிரான்ஸ் ஏற்பாடு செய்து வைத்துக்கொண்டது. பவுண்டுக்கு வந்த கழுத்து நெரிப்பு பிராங்குக்கு வரவில்லை. சரி, அல்ஜீரியா தங்கியதா? 1962இல் போனது. அதற்கு முன்பு 1954இல் டியன் பியன் பூவில் வியட்நாமியர் அடித்து அனுப்பினார்கள். அந்தப் போர்ச் செலவில் பெரும்பகுதியை ஏற்றதே அமெரிக்காதான். கடன் கொடுத்தவன் பக்கத்தில் இருந்தும் தோற்றார்கள்.

மூன்றாம் பந்தி:
கணக்கப்பிள்ளை அண்ணா, இதற்குப் பதில் சொல்லாமல் நழுவக் கூடாது. கூடவே போர்ச்சுகல். மேற்கு ஐரோப்பாவின் ஏழை நாடு அது. அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் தன் நாட்டிலேயே வெடித்த 1974 புரட்சி வரை விடாமல் வைத்திருந்தது. கடன்தான் பேரரசைக் கொல்லும் என்றால் முதலில் சாக வேண்டியது அதுதானே?

கணக்கப்பிள்ளை:
நழுவவில்லை. போர்ச்சுகலுக்கு உலகமெங்கும் புழங்கும் நாணயம் ஒன்றைக் காக்கும் தலைவலி கிடையாது. பிரிட்டனுக்கு இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிடமும் எகிப்திடமும் வாங்கிக் குவித்த சரக்குக்குப் பணம் தராமல் லண்டனில் பற்று எழுதி வைத்திருந்தார்கள். ஆண்ட நாடு, ஆளப்பட்ட நாடுகளுக்கே கடன்பட்டு நின்றது! அதனால் பிரிட்டனைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன். பிரான்ஸ் கதை வேறு. அல்ஜீரியாவில் மக்கள் வென்றார்கள் என்பதை மறுக்கவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. நவம்பர் 6 அன்று நிதியமைச்சர் மெக்மில்லன், ஒரே வாரத்தில் 10 கோடி பவுண்டு போய்விட்டது என்று அமைச்சரவையில் சொன்னார். உண்மையில் போனது அதில் மூன்றில் ஒரு பங்குதான். பயம் கணக்கைப் பெருக்கியதா, ஈடனின் நாற்காலி மீது கண்ணா, தெரியாது. ஜனவரியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர்தான். அமெரிக்காவின் பெயரைச் சொன்னாலே ஓர் அமைச்சரவை ஆடிப்போகிறது என்றால் அதிகாரம் எங்கே இடம்பெயர்ந்துவிட்டது என்று பாருங்கள். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40க்கு இறக்கினார்கள். 1968 ஜனவரியில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாத் தளங்களை 1971க்குள் காலி செய்வோம் என்று அறிவித்தார்கள். காசு போனது, மூட்டை கட்டினார்கள்.

கரிசல் மண்:
பவுண்டை இறக்கிய அதே 1967 நவம்பரின் கடைசியில் பிரிட்டிஷ் படை, இன்றைய யேமனிலுள்ள தங்கள் காலனியான ஏடனை விட்டு வெளியேறியது. போகிறோம் என்று முடிவெடுத்தது அதற்கு முந்தைய ஆண்டு, பவுண்டு இன்னும் 2.80இல் நின்றபோது. 1963இலிருந்து அங்கே மலைகளிலும் தெருக்களிலும் சண்டை. போகும்போது ஆட்சியை ஒப்படைத்தது தாங்கள் வளர்த்த சுல்தான்களிடம் அல்ல, தங்களோடு போரிட்ட தேசிய விடுதலை முன்னணியிடம். ஏடனிலிருந்து அவர்களைக் கிளப்பிய கடன்காரர் யார் என்று சொல்லுங்கள், பிறகு சிங்கப்பூருக்கு வருகிறேன்.