சுவீடன் ராசாட ஆமிக்காரனுக்கு காட்டோரத்துல வீடு ஏன்?

படுவான்கரையான்:
எல்லாருக்கும் வணக்கம். என்ட மச்சான் சுவீடன்ல இரிக்கான், போன கிழமை ஒரு போட்டோ அனுப்பினான், காட்டோரமா சிவப்புப் பெயிண்ட் அடிச்ச சின்ன மரவீடு, ஒரு அறையும் குசினியும்தான் இரிக்கும் போல, வாசலுக்கு மேல ரெஜிமெண்ட் பேரும் நம்பரும் எழுதின பலகை. பழைய ராசா காலத்து ஆமிக்காரன்ட வீடாம். ராசாட ஆமி எண்டா நம்மட மட்டக்களப்புக் கோட்டையில ஒல்லாந்தன் இருந்த மாதிரி கோட்டைக்குள்ள இரிப்பாங்க எண்டுதான் நான் நினைச்சிருந்தன். இவன் மட்டும் ஏன் தனிய காட்டோரத்துல? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

வட்டைக்காரன்:
தம்பி, அது 1682ல பதினோராம் கார்ல் ராசா கொண்டு வந்த முறை. நிரந்தரமா ஒரு ஆமி வேணும், ஆனா காசாச் சம்பளம் குடுத்து வச்சிருக்க ராசாட்ட வழியில்ல. அதால ரெண்டு, மூணு, நாலு பண்ணைக்காரரை ஒண்டாச் சேர்த்து, நீங்க ஒரு ஆமிக்காரன வச்சிப் பாருங்க எண்டு விட்டாங்க. வீடு, துண்டுக் காணி எல்லாம் அவங்கதான் குடுக்கணும், பதிலுக்கு அந்தப் பண்ணைக்காரரை ஆமிக்குப் புடிக்க மாட்டாங்க. போடியார், அதான் பெரிய வயல்காரர்ட காணியில வயலப் பாக்கிற முல்லைக்காரன் இரிக்கிறத நினைச்சிப் பாருங்க, கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனா சண்டை வந்தா இவன் துவக்கத் தூக்கிட்டுப் போகணும். மாகாணத்துக்கு ஒரு ரெஜிமெண்ட், பெரும்பாலும் 1200 பேர். 1901 வரைக்கும் இந்த முறை இருந்திருக்கு!

பேர் கதைதான் எனக்கு நல்லாப் புடிச்சது. ஊர்ல பாதிப் பேர் ஆண்டர்ஸ், கூப்பிட்டா பத்துப் பேர் திரும்புவான், அதால ஆமியில சேரக்குள்ள புதுசா சின்னப் பேர் வைப்பாங்க. ஸ்வார்ட் எண்டா வாள், மோடிக் எண்டா துணிஞ்சவன், ராஸ்க் எண்டா சுறுசுறுப்பு. அவன் போனா மறுகா வாறவனுக்கும் அதே வீடு, கனபேருக்கு அதே பேர்.

கல்லடி அக்கா:
அப்ப அவன் சண்டையில செத்தா பொஞ்சாதி புள்ளைகள் எங்க போற? நம்மட பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே எழுதுற, அதான் கேக்கிறன்.

வட்டைக்காரன்:
எழும்பித்தான் போகணும் அக்கா, அடுத்த ஆமிக்காரனுக்கு வீடு வேணுமே. வந்தவனையே கட்டிக்கிட்டு அந்த வீட்டுலயே இருந்த பொம்புளையளும் இரிக்காங்க.

களுவாஞ்சிகுடி ஆசிரியர்:
அதுக்கு முந்தின காலத்தையும் சொல்லணும். குஸ்தாவ் அடால்ஃப் ராசா காலத்துல பத்து ஆம்பிளைக்கு ஒருத்தன் எண்டு ஊர் ஊரா எழுதி எடுத்தாங்க. சுவீடன்ட வடக்குல பிக்டியோ எண்டு ஒரு ஊர், 1621ல இருந்து 1639க்குள்ள 230 இளந்தாரிகள் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் போயிருக்காங்க. 215 பேர் அங்கயே செத்தாங்க, அஞ்சு பேர் ஊனமாத் திரும்பினாங்க. ராசாவே 1632ல லுட்சென் சண்டையில செத்துப் போனார், ஆனாலும் ஆள் எடுக்கிறது நிக்கல்ல. அந்தக் காலத்து ஆமியில சண்டையில செத்தத விட காய்ச்சல், வயித்தோட்டம் எண்டு முகாம்ல செத்ததுதான் கூட. வீட்டுக்கு ஒராள் எண்டு கேட்டு வந்து நிண்ட காலத்தப் பார்த்தவன் நான், எங்கட ஒழுங்கையில எத்தின தாய்மார் கதவப் பூட்டிட்டு உள்ள இருந்தாங்க. அந்த 215ங்கிறத என்னால வெறும் கணக்கா வாசிக்க ஏலாது.

படுவான்கரையான்:
நன்றி சேர், நன்றி அண்ணன். மச்சானுக்கு கோல் எடுத்துச் சொன்னன். சுவீடன் ஆவணக் காப்பகத்துல பழைய ஆமிப் பதிவெல்லாம் ஒன்லைன்ல சும்மா பார்க்கலாமாம், ரெஜிமெண்டும் நம்பரும் இருந்தாத் தேடலாமாம். ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போய் பலகைய கிட்டத்துல போட்டோ எடுத்து அனுப்புறன் எண்டான். அந்த வீட்டுல ஆரார் இருந்தாங்க எண்டு தெரிஞ்சா இங்கயே போடுறன்.