'ரூட்டிங்': ஒலிப்பதிவு மென்பொருளுக்கு ஒரு சொல் வேண்டும்

இழையைத் தொடங்கியவர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கட்டற்ற ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறோம். வெள்ளிக்கிழமை இரவு சரங்களை (திரையில் தோன்றும் சொற்றொடர்களை) மாற்ற முடியாதபடி பூட்டிவிடுவார்கள். 'ரூட்டிங்' மட்டும் நகர மறுக்கிறது. கிட்டார்த் தடத்தின் ஒலியை எதிரொலி விளைவுக்கு அனுப்புவது, இசை விசைப்பலகையின் மிடி செய்தியை (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் தரம் மிடி) மென்பொருள் கருவியிடம் சேர்ப்பது, எல்லாத் தடங்களையும் முதன்மை வெளியீட்டுக்குக் கொண்டுபோவது, மூன்றுக்கும் இந்த ஒரே சொல்தான். பெயராகவும் வருகிறது, ஏவலாகவும் வருகிறது. பொத்தானுக்குள் அடங்கவும் வேண்டும். வலையமைப்புக் கருவியைத் 'திசைவி' என்கிறோமே என்று இப்போதைக்குத் 'திசைவித்தல்' என இட்டிருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

தமிழாசிரியர்:

திசை வேறு, வழி வேறு. ஒலி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதா இங்கே பேச்சு? எதன் வழியே போய் எதைச் சேர்கிறது என்பதல்லவா?

சொல் நம்மிடமே இருக்கிறது: ஆற்றுப்படுத்தல். ஆறு என்றால் வழி. நிலத்தை அறுத்துக்கொண்டு போவதால் ஆறு என்பது என் துணிபு. நீருக்கும் அதே பெயர், நடப்பவனுக்கும் அதே பெயர். பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் எதிர்ப்பட்டவனிடம் 'இன்ன வழியே போ, இன்ன ஊர் வரும், இன்னாரைக் காண்பாய்' என்று சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி அதுதான். அங்கே ஆற்றுப்படுத்தப்பட்டவர்கள் யார்? பொருநர், பாணர், கூத்தர். யாழும் முழவும் சுமந்து நடந்த இசைவாணர்கள். தொல்காப்பியரும் 'ஆற்றிடைக் காட்சி' என்று இசைவாணரை வழியில்தான் நிறுத்துகிறார். புறப்படும் இடம், இடைவழி, சேருமிடம் மூன்றையும் ஒரு சொல்லுக்குள் வைத்திருக்கும் மொழியில், இசை மென்பொருளுக்கு வேறு சொல் தேட வேண்டுமா?

இசைத் தொழில்நுட்பம் கற்பிப்பவர்:

ஐயா, படிக்கவே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் ஆற்றுப்படுத்துநர் என்றால் இன்றைக்கு உளவள ஆலோசகர். 'கிட்டாரை ஆற்றுப்படுத்து' என்ற பொத்தானைப் பார்க்கும் மாணவர், கிட்டாருக்கு என்ன துயரம் என்றுதான் கேட்பார். வகுப்பில் எல்லாரும் 'ரூட் பண்ணு' என்கிறார்கள். அதை எடுத்துவிட்டுத் தரும் சொல் வாயில் நிற்க வேண்டும். நிற்காது என்றால் 'ரூட்டிங்' என்றே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

நிரலர்:

மடைமாற்றம்? செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் தெரியும். 'மடைமாற்று' என்று ஏவலும் கிடைக்கிறது.

ஒலிப்பதிவுப் பொறியாளர்:

> மடைமாற்றம்? செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் தெரியும்.

தெரியும் என்பதுதான் சிக்கல், தம்பி. மடையை மாற்றினால் பழைய வாய்க்கால் வற்றும். ஒரு தடத்தின் ஒலியை விளைவுக்கு அனுப்பும் 'செண்ட்' அப்படி வேலை செய்வதில்லை. பாடகர் தடத்திலிருந்து எதிரொலிக்கு ஒரு செண்ட் எடுத்தால் அங்கே போவது படி மட்டுமே. மூல ஒலி துளியும் குறையாமல் தன் வழியே முதன்மை வெளியீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்தப் படியை மட்டக்கட்டுப்பாட்டுக்கு முன்னால் எடுக்கிறோமா பின்னால் எடுக்கிறோமா என்பதைப் பொறுத்து விளைவும் மாறும். முன்னால் எடுத்திருந்தால் தடத்தின் மட்டத்தை முழுக்க இறக்கினாலும் எதிரொலி மட்டும் கேட்கும். பாடகருக்குக் காதொலிப்பானில் தனிக்கலவை தருவதே இந்த வசதியை வைத்துத்தான். 'இன்செர்ட்' வேறு. அங்கே ஒலி முழுவதும் வெளியே போய், விளைவுக்குள் நுழைந்து, திரும்பி வருகிறது. அதை வேண்டுமானால் மடைமாற்றம் எனலாம். இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால், கற்கிறவர் முதல் நாளே தவறான படத்தை மனத்தில் வரைந்துகொள்வார்.

இன்னொன்று. சிலர் எனக்குத் தனிமடலில் 'ஒலிவழி' என்று எழுதியிருந்தார்கள். மிடியில் ஒலியே கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது விடுவது என்ற கட்டளைகள்தாம் போகின்றன. அழுத்தத்துக்கு 0 முதல் 127 வரை ஓர் எண், அவ்வளவே. 1983இல் வந்த மிடி 1.0 தரத்தில் அப்படித்தான். ஆகவே 'ஒலி' ஒட்டாத சொல்லே வேண்டும்.

மிடியின் 16 சேனல்களையும் 'வாய்க்கால்' என்று யாரோ பெயர்த்திருப்பதைப் பட்டியலில் பார்த்தேன். அவை வழிகளே அல்ல. ஒரே கம்பியில் போகும் செய்தியின் முதல் பைட்டில் நான்கு பிட்டுகள் 'இது இன்னாருக்கு' என்று சொல்கின்றன. நான்கு பிட்டுக்கு 16 சேர்க்கைகள். முகவரியை வாய்க்கால் என்றால் ரூட்டிங்கோடு கட்டாயம் குழம்பும்.

தமிழாசிரியர்:

அம்மா, மடைமாற்றத்தைத் தாங்கள் மறுத்த முறை எனக்கு முழு உடன்பாடு. படியெடுத்து அனுப்புவது ஆற்றுப்படைக்குத்தான் பொருந்துகிறது: வழி சொன்னவன் தன் வழியே போகிறான், கேட்டவன் வேறு வழியே போகிறான். ஆலோசனைக்கு அச்சொல்லை எடுத்தவர்களும் 'வழிகாட்டல்' என்ற பொருளில்தான் எடுத்தார்கள். நம் சொல்லை ஒரு துறைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நாம் ஏன் ஒதுங்க வேண்டும்?

இழையைத் தொடங்கியவர்:

'வழிப்படுத்தல்' என்றால் என்ன? 'நீர்வழிப் படூஉம் புணைபோல்' என்று புறநானூறு 192ஆம் பாட்டில் இருக்கிறதே. வழியோடு செல்லுதல் என்ற பொருள் பழையது, 'வழி' என்ற சொல்லோ எல்லார் வாயிலும் இருப்பது. வழிப்படுத்து, வழிப்படுத்தல், வழியமைப்புப் பலகை என்று குடும்பமாகவும் வருகிறது.

நிரலர்:

ப் ஒன்று விடுபட்டால் 'வழிபடு' ஆகிவிடும். சரங்களில் ஒற்றுப்பிழைதான் மிகுதி. தவிர, '%s-ஐ %s-க்கு வழிப்படுத்து' என்ற சரத்தில் %s உள்ள இடத்தில் தடத்தின் பெயர் வந்து அமரும், அந்தப் பெயரைப் பயனர் எதுவாகவும் வைப்பார். 'கிட்டார் 2-ஐ' என்று வேற்றுமையுருபு வெளியே தொங்கும். நான் 'மூலம்: %s, சேருமிடம்: %s' என்று உடைத்துவிடலாம் என்கிறேன். அப்போது பாதி இடங்களில் வினையே தேவைப்படாது.

ஒலிப்பதிவுப் பொறியாளர்:

நல்ல யோசனை. 'மூலம்', 'சேருமிடம்' இரண்டும் மிடிக்கும் பொருந்தும். வழிப்படுத்தலுக்கு என் வாக்கு.

ஆனால் பல தடங்கள் கூடும் 'பஸ்' என்ன ஆயிற்று? கணினிப் பட்டியல்களில் அது 'பாட்டை'. இசை மென்பொருளில் 'பாட்டைத் தேர்ந்தெடு' என்று போட்டால் எந்தப் பாட்டு என்று கேட்பார்கள். இரண்டாம் வேற்றுமையும் பெயரும் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன.

தமிழாசிரியர்:

லத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லாருக்கும்'. அதன் வால்தான் பஸ். தலையை விட்டுவிட்டு வாலைப் பெயர்த்தால் பொருள் வராது. பல தடங்கள் கூடும் இடத்துக்குப் 'பொதுத்தடம்' என்று நேராகச் சொல்லலாம்.

இசைத் தொழில்நுட்பம் கற்பிப்பவர்:

பொதுத்தடத்தை மகிழ்ச்சியாக ஏற்கிறேன். தடம் என்ற சொல் மாணவருக்கு முன்பே பழக்கம். வழிப்படுத்தலை அரைமனத்துடன்தான் ஏற்கிறேன். உதவிக்குறிப்பிலாவது 'ரூட்டிங்' என்று ஒருமுறை வரட்டும். பிற மென்பொருளுக்குப் போகிறவர் தேடிக் கண்டுபிடிக்க அது வேண்டும்.

இழையைத் தொடங்கியவர்:

இதுவரை எழுதியவர்களில் மூவர் வழிப்படுத்தல் பக்கம் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் அரைமனம். 'வழிப்படுத்து', 'மூலம்', 'சேருமிடம்', 'பொதுத்தடம்' என்று ஏற்றுகிறேன். 'செண்ட்' தீரவில்லை, 'கிளையனுப்பு' என்று தற்காலிகமாக இடுகிறேன். உதவிக்குறிப்பில் 'ரூட்டிங்' வரும்.

தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை. ஆனால் என் உடன்பாடின்மையைக் கலைச்சொல் பட்டியலின் குறிப்புப் பத்தியில் பதிந்து வையுங்கள். பதிப்பு மாறும்போது மீண்டும் கேட்பேன். 'கிளையனுப்பு' கூடாது. இரண்டு ஏவல்போல ஒலிக்கிறது. 'கிளைப்பு' என்றால் போதாதா?

நிரலர்:

கிளைப்பு பொத்தானில் அடங்குகிறது. மாற்றிவிட்டேன். 'பேட்ச்' என்ற அடுத்த சொல்லைப் பற்றி வெள்ளிக்கு முன்னால் யாரும் இழை திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒலிப்பதிவுப் பொறியாளர்:

'சைட்செயின்' இன்னும் மொழிபெயர்க்கப்படாமல் கிடக்கிறது, அது இதே திரையில்தான் வருகிறது. ஒரு தடத்தின் ஒலி இன்னொரு தடத்தின் அமுக்கியை (கம்ப்ரசரை) இயக்குகிறது, ஆனால் அந்த ஒலி அங்கே கேட்பதில்லை. அதுவும் வழிப்படுத்தல்தானா?