‘எல்லாரும் கிளம்பலாம்’ குழு: எந்த ஹோட்டலைப் போடுவது?

நான்: எல்லாரும் கொஞ்சம் பாருங்கள். ஆறு பேர், நான்கு இரவு. கடைசியில் இரண்டு ஹோட்டல்களில் வந்து நிற்கிறேன். ஆற்றங்கரை ஹோட்டல், நகர மையத்திலிருந்து 500 மீட்டர் என்று போட்டிருக்கிறது. இன்னொன்று மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது, ஆனால் மையத்திலிருந்து 4 கிலோமீட்டர். வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

சித்தி: ஆற்றங்கரைதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்!

அக்கா: 500 மீட்டர் என்றால் ஆறேழு நிமிடம். எனக்கும் சரி.

தம்பி: இருங்கள். அது நேர்கோட்டில் அளந்த தூரம். வரைபடத்தில் நடைவழி போட்டுப் பார்த்தேன், 1.3 கிலோமீட்டர் காட்டுகிறது. மையம் ஆற்றுக்கு அந்தக் கரையில். பாலம் எங்கேயோ தள்ளி இருக்கிறது.

சித்தி: அப்படியென்றால் பொய் சொல்லிப் போட்டிருக்கிறார்களா?

தம்பி: பொய் இல்லை சித்தி. பல பதிவுத் தளங்கள் அப்படித்தான் அளக்கின்றன. நாம்தான் அதை நடக்கிற தூரம் என்று படித்துவிடுகிறோம்.

பெரியப்பா: குறுக்கே ஆறு இல்லாவிட்டாலும் இதே கதைதான். கிழக்கே 300 மீட்டர், வடக்கே 400 மீட்டர் நடந்தால் 700. நேர்கோட்டில் அளந்தால் 500. பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ்தான். நமக்கு இறக்கை இல்லை, தெருவழியாகத்தான் போக வேண்டும்.

அக்கா: பெரியப்பா ரிடையர் ஆகிவிட்டார், கணக்கு வாத்தியார் இன்னும் ஆகவில்லை 😄

பெரியப்பா: சிரி சிரி. அந்த ‘மையம்’ என்கிற புள்ளியில் உனக்கு என்ன வேலை என்று முதலில் சொல். நாம் பார்க்கப் போகிற இடங்கள் எல்லாம் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன.

நான்: அதேதான் நானும் யோசித்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தரம்தான் போகப் போகிறோம். ஹோட்டலிலிருந்து ஸ்டேஷனுக்கு எத்தனை தரம்? காலையில் கிளம்ப ஒன்று, மத்தியானம் அம்மா படுக்க வேண்டும், அதற்குத் திரும்ப ஒன்று, சாயங்காலம் மறுபடி இரண்டு. ஒரு நாளைக்கு நான்கு நடை. ஆற்றங்கரையிலிருந்து மெட்ரோவுக்கு 900 மீட்டர். நான்கு நடைக்கு 3.6 கிலோமீட்டர் அங்கேயே போய்விடும். இன்னொன்றில் 150 மீட்டர்தான், மொத்தமே 600 மீட்டர்.

அம்மா: எனக்காக யாரும் மத்தியானம் திரும்ப வேண்டாம். எங்கேயாவது உட்கார்ந்துகொள்கிறேன்.

சித்தி: சும்மா இரு அக்கா. போன தடவையும் இதையேதான் சொன்னாய். அப்புறம் இரண்டு நாள் மாடிப்படி ஏறவில்லை.

அக்கா: ஆற்றங்கரை ஹோட்டல் வாசலிலேயே பஸ் நிற்கிறதே? 900 மீட்டரை ஏன் நடக்க வேண்டும்?

தம்பி: அட்டவணை பார்த்தேன் அக்கா. 20 நிமிடத்துக்கு ஒரு பஸ். நேரம் பார்க்காமல் போய் நின்றால் சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மெட்ரோ 5 நிமிடத்துக்கு ஒன்று, இரண்டரை நிமிடம் நின்றால் போதும்.

பெரியப்பா: ஸ்டேஷன் 150 மீட்டர் என்கிறாயே, எந்த வாசலிலிருந்து?

நான்: நல்ல வேளை கேட்டீர்கள். ஒரு தரம் ‘ஸ்டேஷனிலிருந்து 3 நிமிடம்’ என்று போட்டிருந்ததை நம்பி ஒரு இடத்தைப் பதிவு செய்தேன். மூன்று நிமிடம் உண்மைதான், மேற்கு வாசலிலிருந்து. நாங்கள் இறங்கியது கிழக்குக் கோடி. தரைக்கடியிலேயே பெட்டியை இழுத்துக்கொண்டு கால் மணி நேரம். வெளியே வந்தபோது யாரும் யாரோடும் பேசவில்லை.

தம்பி: டோக்கியோவில் ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு 200க்கு மேல் வாசல்கள் இருக்கின்றன. அங்கே ‘ஸ்டேஷன் பக்கம்’ என்றால் ஒன்றும் சொல்லாதது மாதிரிதான்.

பெரியப்பா: ஆனால் ஜப்பானில் ஒரு நல்ல விதியும் உண்டு. வீட்டு விளம்பரத்தில் ‘இத்தனை நிமிட நடை’ என்று எழுதினால், தெருவழியே அளந்து 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட வேண்டும். மிச்சம் இருந்தால் முழு நிமிடமாகக் கூட்ட வேண்டும். சிக்னலில் நிற்பதும் மேடு ஏறுவதும் அதில் சேராது.

அக்கா: 80 மீட்டர் எல்லாம் பெட்டி இல்லாத ஆளுக்கு. அம்மாவோடு என்றால் 50 வைத்துக்கொள்ளுங்கள். 900 மீட்டருக்கு 18 நிமிடம்! சரி, நான் கட்சி மாறுகிறேன்.

சித்தி: அதற்குள்ளா? மெட்ரோ வரைபடத்தைப் பாருங்கள், அந்த ஸ்டேஷன் ஊர்க் கோடியில் இருக்கிறது.

பெரியப்பா: அந்தப் படத்தில் தூரம் பார்க்கக் கூடாதம்மா. 1933இல் லண்டனில் ஹாரி பெக் வரைந்த படம் அச்சாகி வந்ததிலிருந்து இந்தப் பாணிதான் பல ஊர்களில். எந்த ஸ்டேஷனுக்கு அடுத்து எது, எங்கே மாற வேண்டும், அவ்வளவுதான் அதில் தெரியும். நெருக்கமான இடத்தை விரித்தும் தூரமான இடத்தைச் சுருக்கியும் போட்டிருப்பார்கள். லண்டனிலேயே லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் என்கிற அடுத்தடுத்த ஸ்டேஷன்களுக்கு நடுவே 300 மீட்டர்கூட இல்லை. நடந்தே போகலாம்.

தம்பி: ரயில் மாற வேண்டாம் என்பதுதான் முக்கியம். நம் பட்டியலில் ஏழு இடங்களில் ஐந்து அதே தடத்தில் வருகின்றன.

சித்தி: வந்து இறங்குகிற அன்றைக்கு? விமானம் ராத்திரி 11:40 என்றாயே.

நான்: அன்றைக்கு எந்த ஹோட்டலானாலும் டாக்ஸிதான். வெளியே வருவதற்குள் ஒரு மணி ஆகிவிடும், அங்கே மெட்ரோ நள்ளிரவோடு நின்றுவிடும். நியூயார்க் மாதிரி 24 மணி நேரமும் ஓடுகிற ஊர்கள் குறைவு. வரைபடத்தில் புறப்படும் நேரத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. பகலில் தேடினால் எல்லாம் சுலபமாகத்தான் காட்டுகிறது.

தம்பி: ஸ்டேஷன் ஹோட்டல் தெருப் படங்களை இப்போது பார்த்தேன். ஒரு சிக்கல். 150 மீட்டர் என்பது தெற்கு வாசல், அங்கே படிக்கட்டு மட்டும்தான். லிஃப்ட் வடக்கு வாசலில். அதிலிருந்து 280 மீட்டர், நடுவில் பெரிய சாலை ஒன்று. சிக்னல் இருக்கிறது. நடைபாதை அகலம்தான், மேடு இல்லை.

அக்கா: 280 என்றாலும் அம்மா வேகத்துக்கு ஆறு நிமிடம். சிக்னலுக்கு ஒன்று சேர்த்துக்கொள்.

பெரியப்பா: லிஃப்ட் ஓடுகிறதா என்றும் பார். பழுது என்றால் மெட்ரோக்காரர்கள் அவர்கள் தளத்தில் போடுவார்கள்.

தம்பி: ஓடுகிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா: ஆற்றை ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் அல்லவா? சித்திக்கும் ஆசை.

சித்தி: ஆமாம், எனக்கு மட்டும்தான் ஆசை 🙄 சரி, போடு. ஜன்னல் உள்ள அறையாவது கேள்.

நான்: கேட்டாயிற்று. மூன்று அறைகள், ஒரே மாடி. பதிவு செய்துவிட்டேன்.

அம்மா: லிஃப்ட் எந்த வாசல் என்றாய்?

நான்: வடக்கு, அம்மா.

அம்மா: குழு பெயரிலேயே எழுதி வை. அங்கே போய் இறங்கினதும் எல்லாரும் தெற்கு என்பீர்கள்.

*அக்கா குழுவின் பெயரை ‘வடக்கு வாசல்’ என்று மாற்றினார்*